குண்டானுக்குத் தைத்த சட்டை

கஞ்சி காய்ச்சும் ஒரு குண்டானுக்கு அளவெடுத்துத் தோல் சட்டை தைத்த பெண்ணை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். நான் பார்த்தேன். என் மனைவிதான். வேண்டாம், அந்தத் தோல் சுருங்கிப் போய்விடும் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அதைச் சொல்ல எனக்கு அன்றைக்குப் பேச்சு இல்லை.

போன கார்த்திகையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் எல்லாம் ஆரம்பித்தது. மகள் பெங்களூரில் வேலையில் இருக்கிறாள். ஆம்பூர் வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். ஞாயிறு என்றால் கறிக்குழம்பு. முதல் உருண்டையை வாயில் வைத்ததுமே, "உப்பு கம்மி" என்றேன். கல்யாணமான நாளிலிருந்து நான் சொல்லிவரும் வார்த்தை அது. உண்மையைச் சொல்லிவிடுகிறேன், உப்பு எப்போதும் சரியாகத்தான் இருக்கும். வாய்ப்பழக்கம், வந்துவிடும். இத்தனை வருஷம் பொறுத்துக்கொண்டவளுக்கு அன்றைக்கு என்ன ஆனதோ, கரண்டியை டங்கென்று சட்டியில் போட்டாள்.

"நாளையிலர்ந்து நீயே ஆக்கித் துன்னு."

சாதாரணமாக அவள் என்னை 'இன்னாங்க', 'வாங்க' என்றுதான் பேசுவாள். கோபம் வந்தால் அந்த 'ங்க' எங்கே போகும் என்று தெரியாது. நானும் இறங்கி வருகிற ஆள் இல்லை. இருவரும் முகத்தைத் திருப்பிக்கொண்டு சாப்பிட்டு முடித்தோம். கை கழுவ எழுந்தேன். சொம்பு கையில் நிற்கவில்லை. குனிந்து எடுக்கப் போனவன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். வலது கை தூக்க வரவில்லை. "இன்னாச்சு, இன்னாச்சுங்க" என்று அவள் ஓடிவந்தாள். ஒன்றுமில்லை என்று சொன்னேன். என் காதுக்கே அது சொல்லாகக் கேட்கவில்லை.

வேலூரில் ஆஸ்பத்திரியில் பதினோரு நாள் இருந்தேன். ஸ்ட்ரோக். கால் சீக்கிரம் திரும்பிவிட்டது, கை கொஞ்சம் தாமதமாக. பேச்சும் விழுங்குவதும் திரும்பவில்லை. ஒரு மடக்குத் தண்ணீர் வாயில் விட்டால் இருமல் பிய்த்தெடுக்கும். வயிற்றுக்குப் போக வேண்டியது மூச்சுக் குழாய்க்குள் போகிறது என்றார்கள். மூக்கு வழியாக வயிற்றுக்கு ஒரு டியூபை இறக்கி, அதில்தான் இனி சாப்பாடு என்று வீட்டுக்கு அனுப்பினார்கள்.

அனுப்பும்போது டாக்டர் சொன்னது எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. "ஆறு வாரம் கழிச்சு வாங்க. அதுக்குள்ள எடை ஏறணும். விழுங்கற பயிற்சியும் செய்யணும். எடை இறங்கிட்டே போனா வயித்துல நேரா ஒரு ஓட்டை போட்டு டியூப் வைக்கற மாதிரி இருக்கும்."

அவர் நல்லபடியாகத்தான் சொன்னார். என் மனசு அதை வேறு விதமாக எடுத்துக்கொண்டது. மூக்கில் டியூப் என்றால் இன்றைக்கோ நாளைக்கோ உருவிவிடுவார்கள் என்று நம்பலாம். வயிற்றில் ஓட்டை போட்டுவிட்டால் எனக்கும் என் வாய்க்கும் உறவு முடிந்தது. ஆம்பூரில் பிறந்து, தெருவுக்குத் தெரு பிரியாணி வாசனையில் வளர்ந்தவன், வயிற்றில் புனல் வைத்துச் சாப்பிடுவதா? அழுகை வந்தது. அழுதால் எச்சில் ஒழுகும். அதனால் அழவும் இல்லை. அறுபத்தொன்று கிலோ இருந்தவன் அன்றைக்கு ஐம்பத்து மூன்று.

டியூபில் என்ன ஊற்றுவது என்று ஆஸ்பத்திரி டயட் மேடம் அவளை உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தார். பால், முட்டையின் வெள்ளை, வடிகட்டிய பருப்பு எல்லாம் உண்டு. முக்கியமானது கேழ்வரகுக் கஞ்சி. அதில்தான் சிக்கல். மாவைக் குறைத்தால் கஞ்சி வெறும் தண்ணீர், உடம்பு ஏறாது. மாவைக் கூட்டினால் ஆறும்போது களியாகி டியூபை அடைத்துக்கொள்ளும்.

"அதுக்கு ஒரு வழி இருக்குதும்மா" என்றார் மேடம். "கொஞ்சம் கேவுரை முளை கட்டி, நிழல்ல காயவெச்சு, வறுக்காம அரைச்சு வெச்சுக்கோங்க. கெட்டியா கஞ்சி காச்சி இறக்கி, சூடு எழுபதுக்குக் கீழ வந்ததும் அந்த மொளை மாவைப் போட்டுக் கலக்குங்க. அறுபத்தஞ்சு டிகிரி சூட்டுல ஒரு மணி நேரம் அசையாம நிக்கணும். கஞ்சி தானா இளகித் தண்ணியாயிடும், இனிப்பும் வரும். சத்து அப்படியே இருக்கும். அப்புறம் ஒரு கொதி விட்டு வடிகட்டி ஆறவெச்சு ஊத்துங்க."

"சூடு ஜாஸ்தியானா, மேடம்?"

"மொளையோட வேலை நின்னுடும். கம்மியானாலும் வேலை சரியா நடக்காது."

அதைக் கேட்டதும் எனக்கு உள்ளே ஒரு சின்ன விளக்கு எரிந்தது. இருபத்திரண்டு வருஷமாக நான் தோல் பதனிடும் டேனரியில் டிரம் செக்‌ஷன். ஆள் உயரத்துக்கு மேல் மர டிரம்கள். உள்ளே தோலும் வெந்நீரும் சாயமும் எண்ணெயும் போட்டுச் சுற்ற விடுவோம். அறுபது என்றால் அறுபது, சூடு ஏறினாலும் இறங்கினாலும் தோல் கெட்டுப்போகும். ஒரு சூட்டை ஒரு மணி நேரம் பிடித்துவைப்பதுதான் என் பிழைப்பு. ஆனால் அதை அவளிடம் எப்படிச் சொல்வேன்? வலது கையில் பேனா நிற்காது. இடது கையால் எழுதினால் கோழி கிளறின மாதிரி இருக்கும்.

தலையை மட்டும்தான் ஆட்ட முடியும். அதிலும் ஒரு தப்பு செய்துவைத்திருந்தேன். வீட்டுக்கு வந்த முதல் வாரம் முழுக்க எதற்கெடுத்தாலும் வேண்டாம் என்றே தலையாட்டினேன். டிவி போடவா? வேண்டாம். மகளோடு போனில் பேசறீங்களா? வேண்டாம். கொஞ்சம் நடக்கலாமா? வேண்டாம். கடைசியில் என் வேண்டாமுக்கு வீட்டில் மரியாதை இல்லாமல் போய்விட்டது.

முதல் நாள் கஞ்சியை அவள் துண்டில் சுற்றி வைத்தாள். மார்கழிக் குளிர், அரை மணி நேரத்தில் குண்டான் கைசூட்டுக்கு வந்துவிட்டது. பாதிதான் இளகியிருந்தது. வடிகட்டி, சிரிஞ்சில் ஏற்றி, மூச்சைப் பிடித்துக்கொண்டு மெதுவாகத் தள்ளினாள். இறங்கிற்று, கஷ்டப்பட்டு. மறுநாள் சூடு போகாமலிருக்க அடுப்பைச் சிம்மில் வைத்து மேலேயே விட்டாள். அவ்வளவுதான், சூடு எகிறி, முளை மாவு செத்து, கஞ்சி பசை மாதிரி நின்றது. தண்ணீர் கலந்து ஊற்றிவிடலாம் என்று பார்த்தாள். டியூப் அடைத்துக்கொண்டது. வெந்நீர் விட்டுப் பார்த்தாள், இழுத்துப் பார்த்தாள். நடக்கவில்லை.

வேலூருக்குப் பஸ் ஏறினோம். பழைய டியூபை உருவிப் புதுசை மூக்கில் விட்டார்கள். அந்த வேதனையை நான் எழுதப் போவதில்லை. திரும்பி வரும்போது ஜன்னலோரம் உட்கார்ந்து அவள் அழுதுகொண்டே வந்தாள்.

"அன்னிக்கு அப்படிச் சொல்லிட்டேனே" என்றாள். "நாளையிலர்ந்து நீயே ஆக்கித் துன்னுன்னு. நீங்க வாயால சாப்ட்ட கடைசிச் சோறு, அதுல போய் அப்படிச் சொல்லிட்டேன்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இத்தனை நாள் அந்தச் சொல்லைச் சுமந்துகொண்டுதான் கஞ்சி காய்ச்சினாளா? நீ சொன்னதில் ஒன்றுமில்லை, அன்றைக்கு உப்பு சரியாகத்தான் இருந்தது என்று சொல்ல வாய் துடித்தது. 'ங்' என்று ஒரு சத்தம்தான் வந்தது. இடது கையால் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன். பள்ளிகொண்டாவிலிருந்து ஆம்பூர் வரை விடவில்லை.

அடுத்த நாள் என் தோஸ்த் வந்தான். என்னோடு அதே டிரம் செக்‌ஷனில் வேலை. வரும்போது கம்பி போல நீளமான ஒரு தெர்மாமீட்டர் கொண்டுவந்திருந்தான். "புதுசுங்கம்மா. டிரம்ல போட்டது இல்ல, பயப்படாதீங்க" என்று அவளிடம் கொடுத்தான். என் பக்கம் திரும்பி, "இன்னா தோஸ்த், சூட்டைக் கையாலயே பாத்துச் சொல்ற ஆளு நீ, ஒரு குண்டான் கஞ்சிக்கு இவ்ளோ பேஜாரா?" என்று கேட்டுச் சிரித்தான். எனக்கு வந்த கோபத்துக்கு எழுந்து ஓர் அறை விட்டிருப்பேன். அவன் போனபிறகு நினைத்துப் பார்த்தேன், வீட்டில் என்னை நோயாளியாகப் பார்க்காமல் கிண்டல் செய்த முதல் ஆள் அவன்தான்.

தெர்மாமீட்டர் வந்ததும் அவளுக்கு ரோஷம் வந்துவிட்டது. அவள் ஷூ கம்பெனியில் பேட்டர்ன் செக்‌ஷனில் இருக்கிறாள். எனக்காக லீவு போட்டிருந்தாள். ஷூவுக்கு அளவு எடுப்பதென்றால் சாதாரண விஷயம் இல்லை. கால் வடிவத்தில் ஒரு கட்டை இருக்கும். அதன்மேல் முழுக்க டேப் ஒட்டி, கோடு போட்டு, கீறி உரித்து, மட்டமாக விரித்தால் அதுதான் பேட்டர்ன். ரொம்ப வருஷமாக எங்களுக்குள் இது ஒரு சண்டை. நாங்க தோலையே செய்றவங்க, நீங்க அதை வெட்றவங்கதானே என்பேன். "நாங்க வெட்டித் தைக்கலன்னா உங்க தோலு ஆட்டு மேலயே இருந்திருக்கலாம்" என்பாள்.

அன்றைக்குக் குண்டானைக் கவிழ்த்துவைத்து அதன்மேல் டேப் ஒட்ட ஆரம்பித்தாள். எனக்குப் புரிந்துவிட்டது. இந்தம்மா குண்டானுக்குச் சட்டை தைக்கப் போகிறாள்.

வீட்டில் பர்ஸ் தைப்பதற்காக வாங்கிவைத்த துண்டுத் தோல் ஒரு மூட்டை இருந்தது. அதில் தேடி லைனிங் தோலை எடுத்தாள். மரப்பட்டைச் சாற்றில் பதம் செய்த ஆட்டுத்தோல், மெத்தென்று இருக்கும், ஷூவின் உள்பக்கம் போடுவது. டேனரியில் நாங்கள் தோலைச் சோதிப்பதே கொதிநீரில் ஒரு துண்டைப் போட்டுத்தான். குரோம் உப்பில் பதம் செய்த தோல் என்றால் அப்படியே கிடக்கும். பட்டைத் தோலைப் போட்டால் கண்ணெதிரே சுருண்டு பாதியாகிவிடும். ஈரமும் சூடும் அதற்கு ஆகவே ஆகாது. இதையெல்லாம் அவளுக்கு யார் சொல்வது? அவள் கைக்குத் தோல் வரும்போது எங்கள் வேலை முடிந்து, உலர்ந்து, பளபளவென்று அல்லவா போகிறது.

தலையை ஆட்டினேன். வேண்டாம்.

"உங்களுக்கு எல்லாத்துக்கும் வேணாம்தான்" என்றாள், நிமிராமலே.

டம்ளரைத் தரையில் தட்டினேன். இன்னும் வேகமாக ஆட்டினேன். "கழுத்து சுளுக்கிக்கப் போவுது" என்றாள்.

இரண்டு நாள் தைத்தாள். நடுவில் ஃபோம், வெளியே தோல், பக்கவாட்டில் ஜிப், மூடிக்குத் தனியாகக் குல்லா. சும்மா சொல்லக்கூடாது, தையல் அவ்வளவு சுத்தம்; குண்டானைக் கல்யாணத்துக்குக் கூட்டிப்போகலாம். ஆனால் போட்டுப் பார்த்தபோது ஒரு பிடி சின்னதாக இருந்தது. ஃபோமின் கனத்தைக் கணக்கில் விட்டுவிட்டாள். ஷூ கம்பெனியில் இதற்கு ஒரு வழக்கம் உண்டு. தோல் கட்டையின்மேல் ஏறாவிட்டால் ஈரம் காட்டி இழுப்பார்கள். இளகி ஏறி, காய்ந்ததும் கட்டையின் உருவத்துக்கே நின்றுவிடும். அவளும் அதைத்தான் செய்தாள். சட்டை முழுவதையும் தண்ணீரில் நனைத்தாள். காத்திருக்கப் பொறுமை வேண்டுமே, அது எங்கள் வீட்டில் இருவருக்குமே கிடையாது. கஞ்சி தளதளவென்று கொதித்துக்கொண்டிருந்த குண்டானை அடுப்பிலிருந்து இறக்கி, அந்தச் சூட்டோடு ஈரச் சட்டையை இழுத்து மாட்டி ஜிப்பைப் போட்டாள்.

இடுப்பில் கையை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். "எப்டி?"

நான் குண்டானைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். முதலில் விளிம்பு மெல்ல உள்ளே மடிந்தது. பிறகு பக்கமெல்லாம் முறுக்கிக்கொண்டது. சர்ரென்று ஒரு சத்தம், ஜிப் வாயைப் பிளந்தது. மூடியின் குல்லா சுருண்டு சுருண்டு, கடைசியில் மூடிமேல் ஓர் உளுந்து வடை அளவுக்கு உட்கார்ந்திருந்தது.

"ஐயய்யோ, இன்னா இது, இன்னா ஆவுது இதுக்கு!" என்று அவள் கத்த, எனக்கு எங்கிருந்து வந்ததோ, சிரிப்பு வந்துவிட்டது. அடிவயிற்றிலிருந்து. பேச்சுக்கு வராத தொண்டையிலிருந்து கழுதை கத்துவது போல ஒரு சத்தம். எச்சில் ஒழுகிற்று, கண்ணில் தண்ணீர், மூக்கில் டியூப் ஆடிற்று. நிறுத்தத் தெரியவில்லை.

அவள் முறைத்துப் பார்த்தாள். "தெரியுமா உனுக்கு? இது இப்படி ஆவும்னு முன்னாடியே தெரியுமா?"

தலையாட்டினேன். ஆமாம்.

"ரெண்டு நாளா நான் தைக்கறேன், உக்காந்து பாத்துக்கினு இருந்த?"

ஆமாம். அதற்குத்தானே டம்ளரைத் தட்டினேன். குல்லாவைப் பிய்த்து என்மேல் விட்டெறிந்தாள். அடுத்த நிமிஷம் அவளும் தரையில் உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்துவிட்டாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள், நடுவிலேயே அழுதாள், மறுபடி சிரித்தாள். கஞ்சி என்னவோ அன்றைக்கும் பசைதான். சட்டையைக் கத்தி போட்டு அறுத்தெடுக்க அரை நாள் ஆனது.

அதற்குப் பிறகு என் வேண்டாமுக்கு மரியாதை திரும்பி வந்தது. எதிரே உட்கார்ந்து, "சரி, டிரம்முக்காரரே, நீங்களே சொல்லுங்க" என்றாள். நோட்டும் பேனாவும் வைத்தாள். இடது கையால் ஒரு வட்டம் போட்டேன். அதைச் சுற்றி இன்னொரு பெரிய வட்டம். நடுவில் உள்ள இடத்தைக் கிறுக்கி நிரப்பினேன். டிரம் மரத்தில் ஏன் செய்கிறார்கள்? மரம் தடிமனாக இருப்பதால்தான் சூடு நிற்கிறது. சட்டை மாதிரி ஒட்டித் தைப்பதில் ஒன்றுமில்லை, தடிமன்தான் வேண்டும். அவளுக்குச் சட்டென்று பிடிபட்டது. எழுந்துபோய் ஷூக்களை அடுக்கி அனுப்பும் பெரிய அட்டைப்பெட்டி ஒன்றைப் பரணிலிருந்து இறக்கினாள். ஃபோம் ஷீட்டுகளை அந்தப் பெட்டிக்குப் பொருத்தமாக வெட்டி, ஒவ்வொன்றிலும் குண்டான் அளவுக்கு வட்டம் அறுத்து, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினாள். பேட்டர்ன்காரி கை, குண்டான் உள்ளே இறங்கியபோது காற்றுகூட நுழைய இடமில்லை. மேலே மூட மூன்று ஷீட். ஒட்டுவதற்குப் பசையை எடுத்தவளைத் தட்டித் தடுத்தேன். ஷூ பசையின் நாற்றம் கஞ்சியில் ஏறினால் ஆயுசுக்கும் போகாது. இந்தத் தடவை கேட்டுக்கொண்டாள்.

முதல் முயற்சியில் ஒரு மணி நேரம் கழித்து ஐம்பத்தெட்டு. கிட்டே வந்துவிட்டது, போதவில்லை. ஒரு பாத்திரத்தில் காய்ச்சிப் பெட்டிக்குள் இருந்த குண்டானில் மாற்றியிருந்தாள். வெற்றுக் குண்டான் சில்லென்று இருந்து, வந்த சூட்டைக் குடித்துவிட்டது. டேனரியில் புதுப் பையன்கள் செய்யும் தப்பு அது. நாங்கள் சாயம் போடுவதற்கு முன்னால் வெறும் வெந்நீர் விட்டு டிரம்மை ஒரு சுற்று ஓட்டுவோம். கெட்டிலைக் காட்டினேன், குண்டானைக் காட்டினேன், ஊற்று என்று கையை ஆட்டினேன். மறுநாள் கொதிநீர் ஊற்றிக் கால் மணி நேரம் மூடிவைத்து, கொட்டிவிட்டு, கஞ்சியை மாற்றி, அறுபத்தெட்டில் முளை மாவைக் கலந்தாள். பெட்டியை மூடினாள். இருவரும் பெட்டிக்கு இரண்டு பக்கமும் உட்கார்ந்து சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

ஒரு மணி நேரம் கழித்து அறுபத்து நான்கு.

கரண்டியை விட்டுத் தூக்கினாள். கூழாகப் போனது தண்ணீராக ஒழுகிற்று. விரலில் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தாள். "சக்கரையே போடல, தித்திக்குதுங்க!" என்றாள். அவள் முகத்தை அப்படி நான் பார்த்து ஒரு மாசத்துக்கு மேல் ஆகியிருந்தது. அன்றைக்குச் சிரிஞ்சில் ஊற்றியது தானாகவே இறங்கியது, தள்ளவே வேண்டியிருக்கவில்லை. எனக்கு ருசி ஒன்றும் தெரியாது, வயிற்றில் வெதுவெதுப்பு மட்டும் தெரியும். அந்த வெதுவெதுப்பு எனக்குப் பிடித்திருந்தது.

அதிலிருந்து டியூப் ஒரு நாளும் அடைக்கவில்லை. நானும் என் பங்கைச் செய்தேன். விழுங்கும் பயிற்சி கொடுக்கும் மேடம் சொல்லியிருந்தபடி நாக்கை அண்ணத்தில் அழுத்தி, மூச்சை அடக்கி, வெறும் எச்சிலை விழுங்குவது. விழுங்கியதும் 'ஆ' என்று குரல் கொடுப்பது. பொங்கல் அன்றைக்கும் செய்தேன், பக்கத்து வீட்டுப் பொங்கல் வாசனையில் எச்சிலுக்குப் பஞ்சமில்லை. ஓரிரண்டு வார்த்தை குழறலாக வர ஆரம்பித்தது. 'ண்ணி' என்றால் தண்ணீர், 'வா' என்றால் வா. மற்றதெல்லாம் அவள் ஊகம்தான்.

ஆறாவது வாரம் வேலூருக்குப் போனோம். எடை மெஷினில் ஏறும்போது அவள் முந்தானையைக் கையில் முறுக்கிக்கொண்டு நின்றாள். ஐம்பத்தாறு. டாக்டர் சிரித்தார். "இப்போதைக்கு வயித்துல ஓட்டை வேணாம்" என்றார். விழுங்கும் பயிற்சி மேடம் தொண்டையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "வியாழக்கிழமை வாங்க, வாயால குடுத்துப் பாக்கலாம். வீட்டுக் கஞ்சியே கொண்டாங்க. ஆனா தண்ணியா இருக்கக்கூடாது, நல்லா கெட்டியா இருக்கணும். தண்ணி மாதிரி இருந்தா சர்ருனு வழுக்கி மூச்சுக் குழாய்க்குள்ள போய்டும். கெட்டியா இருந்தாத்தான் தொண்டைக்கு டைம் கிடைக்கும்" என்றார்.

வெளியே வந்ததும் என் மனைவி ஆரம்பித்தாள். "ஒன்றரை மாசமா அதைத் தண்ணியாக்கறதுக்கு உசிரை விட்டேன். சட்டை தைச்சேன், பொட்டி கட்டினேன். இப்ப கெட்டியா வேணுமாம், கெட்டியா!" பஸ் ஸ்டாண்டு வரை திட்டிக்கொண்டே வந்தாள். பஸ் ஏறி உட்கார்ந்ததும் அவளே சிரித்தாள். "போங்க, கெட்டியாக் காச்சறதுல இந்த ஆம்பூர்லயே என்னை மிஞ்ச ஆள் இருக்குதா இன்னா?"

வியாழக்கிழமை காலையில் முளை மாவு போடாமல் கேழ்வரகுக் கஞ்சியைக் கெட்டியாகக் காய்ச்சினாள். பதற்றத்தில் கொஞ்சம் அடிப்பிடிக்கவும் விட்டாள். சூடு போகாமலிருக்கப் பெட்டியையே தூக்கிக்கொண்டாள். வேலூர் பஸ்ஸில் மடியில் அந்த அட்டைப்பெட்டியோடு உட்கார்ந்திருந்தவளைப் பார்த்து கண்டக்டர், "இன்னாம்மா, ஷூ டெலிவரியா?" என்றார். "ஆமா, எங்க வூட்டுக்காரருக்கு" என்றாள்.

மேடத்தின் அறையில் நாற்காலியில் நிமிர்ந்து உட்காரவைத்தார்கள். அவள் பெட்டியைத் திறந்து மூடியை எடுத்தாள், ஆவி வந்தது. மேடம் கொஞ்சம் எடுத்து ஆறவைத்து, ஸ்பூனைச் சாய்த்துப் பார்த்தார். கஞ்சி விழவில்லை. "இதான் வேணும், சூப்பரா இருக்குதும்மா" என்றார். அவள் கையில் மூடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு என் தொண்டையையே பார்த்தாள்.

அரை ஸ்பூன் நாக்கில் வந்து உட்கார்ந்தது. கேழ்வரகு வாசனை. அடிப்பிடித்த வாசனை. எத்தனை நாள் ஆயிற்று! வாயிலேயே வைத்துக்கொள்ளலாம் போல இருந்தது. முகவாயைத் தாழ்த்தி, மூச்சை அடக்கி, விழுங்கினேன். இறங்கும் வழி முழுக்கத் தெரிந்தது. இருமல் வரும் என்று மூன்று பேரும் காத்திருந்தோம். வரவில்லை. இன்னும் காத்திருந்தோம். வரவில்லை.

"இப்ப குரல் குடுங்கய்யா. குரல்ல தண்ணி சத்தம் வருதான்னு பாக்கணும். ஏதாவது ஒண்ணு சொல்லுங்க."

பயிற்சியில் சொல்லிக்கொடுத்தது 'ஆ'. நானும் அதைத்தான் சொல்ல வாயைத் திறந்தேன்.

"உப்பு கம்மி" என்றேன்.

குழறவில்லை. உப்பும் வந்தது, கம்மியும் வந்தது. என் குரலைக் கேட்டு எனக்கே புல்லரித்தது. அவள் கையிலிருந்த மூடி கீழே விழுந்து உருண்டு சுவர் வரை போயிற்று.

"இன்னா சொன்ன?" என்றாள். 'ங்க' பறந்துவிட்டிருந்தது.

"உப்பு... கம்மி."

"போடலய்யா" என்றாள். குரல் உடைந்துவிட்டது. "உப்பே போடல. அவசரத்துல மறந்துட்டேன். ஒரு கல்லு கூடப் போடல." முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கினாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று மேடத்துக்குத் தெரியவில்லை. எனக்குத் தெரியும், இரண்டும்தான். இத்தனை வருஷத்தில் ஒரே ஒரு நாள் நான் சொன்ன குறை நிஜமாக இருந்தது.

"பிபி இருக்கற ஆளுக்கு உப்பு கம்மியாவே இருக்கட்டும்மா" என்றார் மேடம், சிரித்துக்கொண்டே.

முகத்தைத் துடைத்துக்கொண்டு அவள் என் பக்கத்தில் வந்து நின்றாள். தோளில் கையை வைத்தாள். "சொல்லு" என்றாள். "தினமும் சொல்லு. நாளையிலர்ந்து நானே ஆக்கித் தர்றேன், நீ குறை சொல்லிக்கினே துன்னு."

மேடம் இரண்டாவது ஸ்பூனை நீட்டினார். வாயைத் திறந்தேன்.